சட்டமும் அன்பும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு

மார்க்கச் சட்டம் என்றதும் நம்மில் பலருடைய முகம் சுருங்கிவிடுகிறது. இன்னது கூடும், இன்னது கூடாது, தவறினால் இன்ன தண்டனை என்னும் ஒரு நீண்ட பட்டியலாகவே பிள்ளைப் பிராயத்தில் அது நமக்குப் புகட்டப்பட்டது. புகட்டிய பெரியவர்களை நாம் குறை கூறவில்லை. தாங்கள் கற்ற விதத்திலேயே அவர்கள் கற்பித்தார்கள். ஆயினும் அதன் பலனாக இருவிதப் பேச்சுக்கள் நம் செவியில் விழுந்த வண்ணம் இருக்கின்றன. சட்டத்தை அப்படியே நிறைவேற்றிவிட்டால் போதும், உள்ளம் எப்படி இருந்தால் என்ன என்பார் ஒரு சாரார். அல்லாஹ் அளவற்ற அருளாளன், அவனை நேசித்தால் போதும், சட்டதிட்டம் எல்லாம் பாமரருக்குத்தான் என்பார் மறு சாரார். சட்டம் வேறு, அன்பு வேறு என்று எண்ணுவதில் இருவரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்பதே வேடிக்கை.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரு சாராரையும் நேருக்கு நேர் சந்தித்து விடை கூறியவர்கள் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று போற்றப்படும் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அவ்விடையை அவர்கள் ஏட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. தம் வாழ்வையே விலையாகக் கொடுத்துப் பெற்றார்கள். ஆதலால் அவ்வாழ்வை இங்கே சிறிது விரிவாகக் கூற விழைகிறோம்.

குராசான் நாட்டில் தூஸ் என்பது ஒரு நகரம். இன்றைய ஈரானில் மஷ்ஹது நகருக்கு அருகே அது இருந்தது. அங்கே ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், இமாம் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று வயிறு கழுவிய ஏழை. அவருக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. அந்தக் குறை அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. வேலை ஓய்ந்த நேரங்களில் சட்ட அறிஞர்களின் சபைகளிலும் உபதேசம் செய்வோரின் சபைகளிலும் போய் அமர்ந்து, அழுது, எனக்கும் இப்படிப் பிள்ளைகளைத் தா என்று இறைவனிடம் இறைஞ்சுவாராம். மூத்தவர் முஹம்மது சட்ட மேதையானார். இளையவர் அஹ்மது உள்ளத்தை உருக்கும் உபதேசியானார். கேட்டது இரண்டும் கிடைத்தது. ஆனால் அதைக் காணத் தந்தை உயிருடன் இல்லை.

இறக்கும் தறுவாயில் அவர் தம் சிறு சேமிப்பையும் இரு பிள்ளைகளையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்ததும் அந்த நண்பர் ஒளிவு மறைவின்றி, நானும் ஏழை, உங்களுக்குச் சோறு போட வழியில்லை, மாணவர்களுக்கு உணவளிக்கும் மதரஸாவில் சேர்ந்துவிடுங்கள் என்றார். ஆக, மார்க்கக் கல்வியின் மாபெரும் விளக்கு ஒன்று பசியினால்தான் ஏற்றப்பட்டது. அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடிப் போனோம், ஆனால் கல்வியோ அல்லாஹ்வுக்காகவே அல்லாமல் வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டது என்ற கருத்தில் இமாம் அவர்கள் பிற்காலத்தில் கூறியதுண்டு.

ஜுர்ஜான் நகரில் ஓதிவிட்டு ஊர் திரும்புகையில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். வழிப்பறிக் கூட்டம் ஒன்று எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. இளைஞர் கஸ்ஸாலி அவர்கள் கள்வர் தலைவனைப் பின்தொடர்ந்து, என் பாடக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தாருங்கள், உங்களுக்கு அவை உதவா, என் கல்வியெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார்கள். அவன் சிரித்தான். நாங்கள் பறித்ததும் உன்னை விட்டுப் போய்விடுவது எப்படி உன் கல்வியாகும் என்று கேட்டுவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். அதன்பின் மூன்றாண்டுகள் தூஸிலே உட்கார்ந்து அத்தனையையும் மனனம் செய்தார்கள். கள்வன் கேட்ட கேள்வியோ மனனத்தோடு தீர்ந்துவிடவில்லை. பின்னாளில் இன்னும் கடுமையான உருவில் அது திரும்பி வந்தது.

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று, அவர்கள் 1085-ல் மறையும் வரை உடன் இருந்தார்கள். பின்பு ஸல்ஜூக்கிய ஸுல்தானின் பெரும் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் சபையை அடைந்தார்கள். வாதத்தில் அவர்களை வெல்ல ஆளில்லை. 1091-ல், முப்பத்துமூன்று வயதளவில், பக்தாத் நகரின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். 300 மாணவர்கள் பாடம் கேட்டனர். கலீஃபாவின் அரண்மனையிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் இயற்றிய அல்வஜீஸ் என்னும் சட்ட நூலுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) பெரும் விரிவுரை எழுத, அவ்விரிவுரையை இமாம் நவவி (ரஹ்) சுருக்கித் தந்தார்கள். இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களும் நம் கடற்கரையூர் மரைக்காயர்களும் பின்பற்றி வரும் மத்ஹபின் சட்ட வழியில் அன்னாரின் கை அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. சட்டம் அறியாத ஒருவர் சட்டத்துக்குள் அன்பைத் தேடியதாக எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

புகழின் உச்சியில் நின்ற அந்த மனிதருக்கு 1095-ம் ஆண்டு நடுவில் பேச்சு நின்றுபோயிற்று. மாணவர்கள் எதிரே அமர்ந்திருக்க, ஒரு சொல்லும் நாவிலிருந்து எழவில்லை. உணவு செல்லவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தினால் தீராது என்று மருத்துவர்கள் கைவிட்டனர். காரணத்தை இமாம் அவர்களே பிற்காலத்தில் மனம் திறந்து எழுதியிருக்கிறார்கள். நாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மைத் தாமே கேட்டபோது, பெயருக்காகவே என்ற விடை வந்தது. தொழுகையின் பர்ளுகளையும் சுன்னத்துக்களையும் ஆயிரம் விதமாகப் பிரித்துக் காட்டத் தெரிந்த அவர்களுக்கு, அத்தொழுகை தமக்கும் தம் இறைவனுக்கும் நடுவே என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. விட்டுப் போகலாமா, இருக்கலாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் தடுமாறினார்கள்.

அவ்வாண்டு நவம்பரில் புறப்பட்டுவிட்டார்கள். மனைவி மக்களுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மற்றைய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மக்காவுக்குப் போவதாக வெளியே சொல்லிவிட்டு ஷாம் தேசத்துக்குப் போனார்கள். உண்மையைச் சொன்னால் விட்டிருக்க மாட்டார்கள் போலும்! மதரஸாவில் தம்பி அஹ்மது அவர்கள் பாடம் நடத்தினார்கள். அண்ணனோ திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் மேற்கு மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ். பிறகு இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் கபுறு இருக்கும் அல்கலீல் நகர். அங்கே மூன்று உறுதிகள் எடுத்தார்கள்: எந்த ஸுல்தானிடமும் பொருள் பெறுவதில்லை, எந்த ஸுல்தானின் சபைக்கும் போவதில்லை, எவரோடும் வாதப்போர் புரிவதில்லை. அதன்பின் மக்காவும் மதீனாவும்.

நம் கதையில் முக்கியமானது இனித்தான் வருகிறது. இப்படி வெளியேறிய ஒருவர் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அன்பைப் பாடிக்கொண்டு திரிந்திருக்கலாம். அப்படித் திரிந்தோர் அக்காலத்திலும் இருந்தனர். இமாம் அவர்களோ சட்டத்தின் வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். அலைந்து திரிந்த ஆண்டுகளில் இஹ்யாவு உலூமித்தீன் என்னும் பெருநூல் எழுந்தது. மார்க்க அறிவுகளுக்கு உயிரூட்டல் என்பது அதன் பொருள். நாற்பது பாகங்கள், நான்கு பெரும் பகுதிகள். முதற் பகுதி வணக்கங்கள். அதில் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகியவற்றின் சட்டங்களைச் சொல்லி, அவற்றோடு அவற்றின் இரகசியங்களையும் சொல்கிறார்கள்.

தொடக்கத்திலேயே தம் இனத்தாரான சட்ட அறிஞர்களை இமாம் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மணமுறிவைச் சேர்ந்த அபூர்வமான பிரச்சினைகளைக் கேட்டால் ஏடு ஏடாக எழுதிக் குவிக்கும் அறிஞர், மனத்தூய்மை என்றால் என்ன, முகஸ்துதியிலிருந்து தப்புவது எப்படி என்று கேட்டால் விழிக்கிறாரே என்கிறார்கள். வைத்தியம் கற்பதும் சமுதாயத்தின் மேல் விழுந்த பர்ளுதான். ஆயினும் எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவரும் இல்லை, சட்ட வாதம் செய்யவோ கூட்டம் அலைமோதுகிறது என்று வருந்துகிறார்கள். சட்ட வாதத்தினால் பதவி கிடைக்கும், வைத்தியத்தினால் கிடைக்காது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா என்று குத்திக் காட்டுகிறார்கள்.

ஜகாத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைத்தான் நம்மவர் அவசியம் கேட்க வேண்டும். வருடம் முடியும் தறுவாயில் கணவன் தன் பொருளை மனைவி பெயருக்கு மாற்றிவிடுகிறான். மறு வருடம் மனைவி கணவன் பெயருக்கு மாற்றுகிறாள். இருவர் கையிலும் ஒரு முழு ஆண்டு பொருள் தங்கவில்லை; ஆகவே ஜகாத் இல்லை! உலகத்து நீதிபதி இவன்மேல் வழக்குத் தொடுக்க முடியாமல் போகலாம். இமாம் அவர்களோ, இந்தத் தந்திரத்தைக் காட்டிலும் மறுமைக்குக் கேடு விளைவிப்பது வேறில்லை என்கிறார்கள். ஏன்? சட்டத்தை வைத்தே சட்டத்தின் உயிரைக் கொன்றுவிட்டான். கஞ்சத்தனம் என்னும் நோயைப் போக்க வந்த மருந்தைக் கொண்டே நோயை வளர்த்துக்கொண்டான்.

ஜகாத் ஏன் கடமையாயிற்று என்று இமாம் அவர்கள் விளக்கும் முதற் காரணமே அன்புதான். கலிமா சொன்னவன் இறைவனை மட்டுமே நேசிப்பதாக வாக்களித்துவிட்டான். நாவினால் சொல்வது எளிது. நேசத்தின் அளவு, நேசிக்கும் மற்றொன்றைப் பிரியும்போதே தெரியவரும். மனிதனுக்கு இவ்வுலகில் பொருளைவிடப் பிரியமானது எது? ஆகவே, எனக்காக அதில் சிறிது விடு என்று கேட்கப்படுகிறது. இக்கேள்விக்கு மனிதர் மூவகையாக விடை தருகின்றனர். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோர் சிலர். அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் இவ்வகையினர். தேவைக்கு வைத்துக்கொண்டு, ஏழையின் முகம் கண்டபோதெல்லாம் ஜகாத்துக்கு மேலும் கொடுப்போர் சிலர். நூற்றுக்கு இரண்டரையைக் கணக்கிட்டு அதற்குமேல் ஒரு காசும் நகராதோர் மற்றவர். இவர்களும் கடமையை நிறைவேற்றியவர்களே; ஆனால் இதுவே கடைசிப் படி என்கிறார்கள் இமாம். சட்டம் எல்லாரும் ஏறக்கூடிய அந்தப் படியில் நின்றுவிட்டதே இரக்கம் அல்லவா? எல்லாரையும் அபூபக்கர் (ரலி) ஆகும்படி அது கட்டளையிடவில்லை.

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. ஏழையும் வறியவரும் மட்டுமல்ல, கடனில் மூழ்கியவனும் வழியில் தவித்து நிற்கும் பிரயாணியும் அதில் இருக்கிறார்கள். பெறுபவரின் மானத்தைக் காப்பதிலும் இமாம் அவர்கள் மிகுந்த கவலை கொள்கிறார்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது என்பது வேதச் சட்டம். இதைப் பேணிய முன்னோர் என்னென்ன செய்தார்கள் என்று அவர்கள் எடுத்துக் காட்டுவதைப் படித்தால் கண் கலங்கும். உறங்கும் ஏழையின் துணியில் முடிந்துவிட்டுப் போனோர் உண்டு. குருடர் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தோர் உண்டு. வாங்குபவர் கை மேலாகவும் தம் கை கீழாகவும் இருக்கட்டும் என்று, உள்ளங்கையில் காசை வைத்து நீட்டி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றோரும் உண்டு. ஏழை வாங்கிக்கொண்டபடியால்தான் நம் பொருள் தூய்மையாயிற்று. ஆகவே உபகாரி அவரே, நாமல்ல என்பது இமாம் அவர்கள் காட்டும் கணக்கு. தானம் பெறுவோரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பழக்கமுள்ள நாம் இக்கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

சரி, ஜகாத்தின் நன்மை நமக்கு விளங்குகிறது. விளங்காத சட்டங்களை என்ன செய்வது? சுபுஹுத் தொழுகை இரண்டு ரக்அத், அஸர் நான்கு ரக்அத். இது ஏன்? தம் வாழ்வைப் பற்றி எழுதிய நூலில் இமாம் அவர்கள் வைத்தியரை உவமை காட்டுகிறார்கள். ஒரு மருந்தில் ஒரு சரக்கு இரட்டிப்பு எடை இருக்கிறது. ஏன் என்று நோயாளிக்குத் தெரியாது. வைத்தியர் மேலுள்ள நம்பிக்கையில் அருந்துகிறான், குணமடைகிறான். வணக்கங்கள் உள்ளத்தின் மருந்துகள். அவற்றின் அளவை நபிமார்கள் அறிவார்கள். இவ்வுவமையில் ஒளிந்திருக்கும் பொருளை நாம் கவனிக்க வேண்டும். கட்டளையிடும் எசமானனாக மட்டும் இறைவனைக் கண்டவர் இவ்வுவமையைத் தேடியிருக்க மாட்டார். பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்தாமே மருந்து கொடுக்கிறார்!

ஹஜ்ஜைப் பற்றியோ இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். கல்லெறிவதிலும், ஸஃபா மர்வாவுக்கு இடையே மாறி மாறி ஓடுவதிலும் அறிவுக்கு எட்டும் இலாபம் ஒன்றுமில்லை என்று துணிந்து சொல்கிறார்கள். இலாபம் தெரிந்து செய்வதில் நம் மனத்தின் ஆசையும் கலந்திருக்கும். ஒன்றும் தெரியாமல், சொன்னவனுக்காக மட்டும் செய்வதே கலப்படமற்ற அடிமைத்தனம். ஸஃபா மர்வா ஓட்டத்தை, அரசன் மாளிகை முற்றத்தில் தன் விஷயத்தில் என்ன தீர்ப்பாகுமோ என்று போவதும் வருவதுமாக இருக்கும் அடியானின் நடைக்கு ஒப்பிடுகிறார்கள். வீட்டிலே குழந்தை நோயில் கிடக்க வைத்தியர் வாசலில் நடையாய் நடந்தவருக்கு இது விளங்கும். ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டமே அதுதானே.

இஹ்யாவின் முப்பத்தாறாம் பாகம் இறைநேசத்தைப் பற்றியது. மனிதன் இறைவனை நேசிப்பது என்றால் கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்றுதான் பொருள், வேறு நேசம் நடவாத காரியம் என்று அந்நாளைய அறிஞர் சிலர் வாதித்தனர். இமாம் அவர்கள் அதை மறுக்கிறார்கள். கீழ்ப்படிதல் நேசத்தின் கனி, கனியே மரமாகிவிடாது, நேசம் முந்தியது, பணிவு அதைத் தொடர்வது. அதே மூச்சில், நேசம் முற்றிவிட்டது, இனிச் சட்டம் தேவையில்லை என்று கூறிய கூட்டத்தாருக்கும் எதிராகப் பார்ஸி மொழியில் தனியே ஒரு நூல் எழுதினார்கள். கனி தராத மரத்தை என்னவென்பது? நேசிக்கிறவன் நேசிக்கப்படுபவனின் விருப்பத்தை அறிய ஏங்குவான். அந்த விருப்பந்தான் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது.

1106-ல், நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க் வற்புறுத்தி அழைக்கவே, நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த இசைந்தார்கள். அன்று பதவிக்கு அழைத்த கல்வியைப் போதித்தோம், இன்று பதவியைத் துறக்கச் சொல்லும் கல்வியைப் போதிக்கிறோம் என்பது அத்திரும்புதலைப் பற்றி அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். 1109-ல் சட்ட மூலதத்துவத்தைப் பற்றி அல்முஸ்தஸ்ஃபா என்ற நூலை முடித்தார்கள். அதில் ஷரீஅத் முழுதும் ஐந்து பொருள்களைக் காக்கவே வந்தது என்று நிறுவுகிறார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். மதுவைத் தடுத்தது அறிவைக் காக்க. பழிக்குப் பழி என்ற சட்டம் உயிரைக் காக்க. திருட்டுக்குத் தண்டனை பொருளைக் காக்க. மனிதனிடமிருந்து எதையோ பறிக்க வந்ததாக நாம் எண்ணிய சட்டம், மனிதனிடம் உள்ளதைக் காவல் காத்து நிற்பதை அங்கே காண்கிறோம். நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பைப் பின்னால் நோற்க அனுமதித்ததும், கடன்காரன் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடு என்று வேதம் சொல்வதும் அக்காவலின் வேறு முகங்களே.

அதே 1109-ல்தான் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் இஹ்யாவைத் தீயிலிட்டார்கள். முராபித்துகளின் அரசில் செல்வாக்குப் பெற்றிருந்த சட்ட அறிஞர்களை அந்நூல் சுட்டுவிட்டது; அவர்கள் அதைத் திருப்பிச் சுட்டார்கள். நூலில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆதாரம் குன்றிய ஹதீதுகள் அதில் கலந்திருப்பதை ஹதீதுக் கலை வல்லார் எடுத்துக் காட்டியுள்ளனர். ஹாஃபிஸ் ஸைனுத்தீன் இராக்கி (ரஹ்) அவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியே வைத்தார்கள். ஆனால் சோதித்தவர்களும் நூலை எறிந்துவிடவில்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள்: சுமத்ராவின் பலெம்பாங்கைச் சேர்ந்த அப்துஸ் ஸமது (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் சுருக்கத்தை ஸைருஸ் ஸாலிக்கீன் என்ற பெயரில் மலாய் மொழியில் ஜாவி எழுத்தில் ஆக்கி 1788-ல் முடித்தார்கள். குர்துபாவில் எரிந்த ஏடு ஜாவி எழுத்தில் இத்தீவுகளின் பொன்டொக்குகளில் ஓதப்பட்டது.

கடைசிக் காலம் தூஸிலே கழிந்தது. வீட்டருகே ஒரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, ஓதுவதும் ஓதிக் கொடுப்பதுமாக இருந்தார்கள். குறையாகச் சொல்லப்பட்ட ஹதீதுக் கலையைப் புதிய மாணவரைப் போல உட்கார்ந்து கற்றார்கள். புகாரியும் முஸ்லிமும் அவர்கள் கையிலிருந்தன. குடும்பத்துக்குப் போதுமான சிறு வருமானம் இருந்தது. பிறர் கொடுக்க வந்த பொருளை ஏற்கவில்லை. ஆண் மக்கள் இல்லை. பெண் மக்களே எஞ்சினர்.

ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை. கி.பி. 1111, டிசம்பர் மாதம். தம்பி அஹ்மது அவர்கள் சொன்ன விவரம் இது. அதிகாலையில் அண்ணன் உளுச் செய்து சுபுஹுத் தொழுதார்கள். பிறகு தம் கபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். அரசனிடம் செல்லச் செவியும் சித்தமும் தயார் என்ற பொருளில் ஒரு வார்த்தை கூறினார்கள். கால்களை நீட்டிக் கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். பொழுது நன்றாக விடியுமுன் உயிர் பிரிந்திருந்தது. வயது ஐம்பத்துமூன்று.